கயிற்றின் அந்த முனை

பேய்க்குப் பயப்படுகிறவள் நர்ஸ் வேலைக்கு வரக்கூடாது என்று, புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்கிறேன், பிணவறையை ஒட்டின வராந்தாவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன், செத்துப்போனவர் கையைப் பிடித்து நாடி பார்த்து நேரம் எழுதியிருக்கிறேன். ஒரு நாள்கூட ஒரு நிழலைப் பார்த்ததில்லை. யாராவது அமாவாசை, ஆவி என்று ஆரம்பித்தால், "போயி வேலையப் பாருங்கடி" என்று விரட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது, பட்டப்பகலில், நாலு மணி வெயிலில் நடந்தது.

நாகமலைக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் உண்டு. அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது எப்படி என்றால், இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள், மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் எதிரொலிதான் வரும், வார்த்தை விளங்காது. அதனால் கயிற்றிலேயே பேசிக்கொள்வோம். ஒரு இழுப்பு இழுத்தால் 'கயிற்றை இளக்கு' என்று அர்த்தம். ரெண்டு இழுப்பு என்றால் 'தூக்கிவிடு'. நான் அப்படித்தான் பழகினேன். எனக்கு அஞ்சு வயது இளையவன் என் தம்பி செல்வம், அவனுக்கு நான்தான் மேலே நின்று கயிறு பிடிப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டான் என்றால், பொறுக்கமாட்டாமல் ரெண்டு ரெண்டாகச் சடசடவென்று இழுப்பான். நான் தூக்குவேன். மேலே வந்து, "எம்புட்டு நேரம் இழுக்குறது, தூங்கிட்டியா?" என்று என்னையே திட்டுவான்.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்குப் பதினைந்து, அவனுக்குப் பத்து. அம்மாவின் தம்பி ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போவது என்று முடிவானது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. அம்மா முறுக்கு சுட்டாள். அப்பா என்ன செய்தார் தெரியுமா, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி, உரச்சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸில் ஏற்றினார். அறுபது அடிக்குக் குறையாது. மதுரையில் பஸ் மாறும்போது கண்டக்டர், "பெரியவரே, மாடு எங்க?" என்று கேட்டார். அப்பா அசரவில்லை.

மாமாவும் சிரித்தார். "என்ன மச்சான், கடலுக்குக் கயிறு கொண்டாந்திருக்கீக?"

"தண்ணின்னா தண்ணிதான் மாப்ள. கெணறா இருந்தா என்ன, கடலா இருந்தா என்ன? எம்புள்ளைய நான் கயிறு இல்லாம எறக்கமாட்டேன்."

அந்தக் கடலைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றும். அலையே கிடையாது. மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து நிற்குமே, அப்படித்தான் இருந்தது. முதல் ரெண்டு நாளும் அப்பா கரையில் கயிறு பிடித்தார், செல்வம் இடுப்புக் கயிற்றோடு ஆடித் தீர்த்தான். மீன்காரப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தன. எனக்கு மானம் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் மீன்குழம்பு. பெரியவர்கள் எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்துவிட்டார்கள். செல்வம் என்னைச் சுரண்டினான். "அக்கா, நீ கயிறு புடி. ஒரே ஒரு தடவ." அப்பாவிடம் சொல்லாமல் போகலாமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான். கயிற்றைத் தூக்கிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன்.

கரையில் ஒரு ஆள் இல்லை. மூன்று வள்ளங்களை மணலில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் பனங்காடு. நான் அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, ரெண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினேன். "வலிக்குதுடி" என்றான். "வலிக்கட்டும்" என்றேன். இறங்கினான். நான் மணலில் உட்கார்ந்து, மறுமுனையைக் கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

முங்கி முங்கி எழுந்தான். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணிச் சொல்ல வேண்டும். இருபது, இருபத்தாறு, முப்பது. அடுத்த முங்கலில் முப்பதைத் தாண்டிவிட்டது. அப்போது ஒரு இழுப்பு வந்தது. சரி, விளையாடுகிறான் என்று இளக்கினேன். இன்னொரு இழுப்பு. இளக்கினேன். கயிறு நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தலையைக் காணோம். நாற்பத்தைந்துக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. எழுந்து நின்றேன்.

ரெண்டு இழுப்பு.

இழுத்தேன். முதலில் இளக்கமாக வந்தது, பிறகு கனத்தது. பத்து வயதுப் பையனின் கனம் எனக்குத் தெரியும், எத்தனை தடவை தூக்கியிருக்கிறேன். அதே கனம்தான். மணலில் குதிகாலை ஊன்றி இழுத்தேன். "செல்வம், காலை ஊனி நில்லுடா!" என்று கத்தினேன்.

"அக்கா, யாரப் புடிச்சு இழுக்குற?"

எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். செல்வம் நிற்கிறான். டவுசர் நனைந்திருக்கிறது, தலை நனைந்திருக்கிறது, கையில் சீவின நுங்கு. கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்றுகொண்டிருக்கிறான்.

"நான் அப்பவே கயித்த அவுத்துட்டு வந்துட்டேன். அங்கன ஒரு அண்ணன் நுங்கு சீவுனாரு."

நான் கண்ணை எடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். சரி, ஒரு தடவை காலடியில் ஓடின நண்டைப் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பையன் தண்ணீரிலிருந்து எழுந்து, என்னைக் கடந்து பனங்காட்டுக்குப் போய், நுங்கு வாங்கித் திரும்பி வருகிற அளவுக்கா நான் நண்டைப் பார்த்தேன்?

அந்த நேரம் என் கையில் இருந்த கயிறு ரெண்டு தடவை இழுபட்டது. மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு. சடசடவென்று, பொறுக்கமாட்டாமல். உங்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு வீட்டு ஆள் கதவைத் தட்டினால், யார் என்று சத்தத்திலேயே தெரியாதா? எனக்கு அந்த இழுப்பு தெரியும்.

நான் கயிற்றைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. கடலில் இருப்பவன் என் தம்பி என்றால், பின்னால் நிற்பது யார்? பின்னால் நிற்பவன் என் தம்பி என்றால், கயிற்றில் என்னத்தைக் கட்டி வைத்திருக்கிறேன்? எனக்கு நீச்சல் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பயந்துவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து எந்த முகம் வரும் என்று பயந்தேன்.

"விட்டுரு அக்கா," என்றான் அவன். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. மெதுவாகச் சொன்னான்.

ரெண்டு இழுப்பு. இந்தத் தடவை பலமே இல்லை.

நான் விட்டுவிட்டேன்.

கையில் சுற்றியிருந்ததைப் பிரித்தேன், கயிறு மணலில் சரசரவென்று ஓடித் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு சின்னச் சுழிப்புக்கூட இல்லை. அவன் வந்து என் கையைப் பிடித்தான். சூடான கை, நுங்குத் தண்ணீரில் பிசுபிசுவென்று இருந்தது. "வா, போவோம்" என்றான். போனோம்.

கயிற்றைத் தொலைத்ததற்கு அப்பாவிடம் ஏச்சு வாங்கினேன். நடந்ததைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சல் கண்டது, அம்மா திருநீறு பூசி, வெயில் காய்ச்சல் என்றாள். செல்வம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான். அவன் மூச்சு விடுவதை விடிய விடிய நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் ஊருக்குக் கிளம்பும்போது, ஒரு மீன்காரர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வலையில் சிக்கியதாம். "இது ஒங்க கயிறுதான வாத்தியாரே? கடல்ல இப்புடி ஆளக் கட்டி எறக்குவாகளா? தூண்டிமுள்ளுல எரையக் குத்துன மாதிரில்ல இருக்கு." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கயிற்றின் நுனியில் நான் போட்ட ரெண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. வளையம் அவிழவே இல்லை.

"ஒல்லிப் பய, நழுவி வந்திருப்பான்" என்றார் மாமா. அப்பா செல்வத்தைக் கூப்பிட்டு, வளையத்தைக் காலடியில் போட்டு மேலே ஏற்றிப் பார்த்தார். தொடையைத் தாண்டவில்லை. தலைவழியாகப் போட்டுப் பார்த்தார். தோளில் நின்றுவிட்டது. நனைந்த கயிறு சுருங்கும் என்று மாமா சொன்னார். இருக்கலாம். அப்பா கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்தார். ஒரு சாக்குத் துண்டைக்கூடத் தூக்கி எறியாத மனுஷன்.

பஸ்ஸில் செல்வம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "முடிச்ச அவுத்துட்டுத்தான வந்த?"

"ஆமா."

"அப்ப எப்புடிடா முடிச்சு அப்புடியே இருந்துச்சு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீதான கட்டுன. ஒனக்குத்தான் தெரியும்."

நர்ஸ் படிப்பு படித்த பிறகு எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். நீரோட்டம், பாறையில் மாட்டிய கயிறு, பயத்தில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வந்த பிரமை. அந்த வாரத்தில் அந்தக் கரையில் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை, ஒன்றும் ஒதுங்கவில்லை, அதை மாமாவிடம் பல தடவை கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாம் சரி. ஆனால் நீரோட்டம் ரெண்டு ரெண்டாகவா இழுக்கும்?

செல்வம் அதற்குப் பிறகு கிணற்றில் இறங்கவில்லை. பயந்துவிட்டான் என்றார்கள். பயந்தவள் நான், அவன் எதையும் பார்க்கவே இல்லையே? மற்றபடி அவனைப்போல ஒரு தம்பி யாருக்கும் கிடைக்கமாட்டான். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தினமும் திருப்பரங்குன்றத்திலிருந்து சைக்கிளில் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினான். தீபாவளிச் சீர் ஒரு வருஷம் தவறியதில்லை. வயதாக வயதாக அப்பா ஜாடை அப்படியே வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடலுக்கு முன்னால் நடந்த எதையும் அவனாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னால் சிரிப்பான், "ஆமாக்கா" என்பான். அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் தன் பையனை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறாளாம். "அப்பா, நீங்க எப்புடி நீச்சல் பழகுனீங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் அத்தையக் கேளு, அதுக்குத்தான் ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனான். நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. கடலுக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அம்மாவின் ஒரு பொருளைக் கிணற்றில் தவறவிட்டுவிட்டு, செத்தாலும் சொல்லக்கூடாது என்று ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினோம். அம்மா சாகிறவரை அதைத் தேடினாள். என்ன பொருள் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

"செல்வம், அம்மாவோட ஒண்ண நாம ரெண்டு பேரும் கெணத்துல போட்டமே," என்று ஆரம்பித்தேன். "அது என்னடா?"

அவன் அடுப்பை அணைத்தான். பாலை இறக்கி வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான், கண்ணில் தண்ணீர் நின்றது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன்.

"அக்கா, ஒனக்கு நான் நல்ல தம்பியாத்தான இருந்திருக்கேன்?"

அந்தச் சின்ன அடுப்படியில் அவனும் நானும் மட்டும். வெளியே அவன் பேரன் என்னவோ கேட்டு அழுதுகொண்டிருந்தான்.

"இருந்திருக்கப்பா," என்றேன். அது பொய் இல்லை. அவன் டீயை ஆற்றி என் கையில் கொடுத்தான், நான் வாங்கிக் குடித்தேன்.