முருங்கை மரத்து மழை

“லயத்துப் பிள்ளைக்கு மழை அளக்கத் தெரியுமோ?”

என்னிடம் இதைக் கேட்டவர் ஓர் அரசாங்கப் பௌதிக ஆராய்ச்சியாளர். போன வாரம், பதுளையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், மழை விட்ட பிறகும் கூரை நீர் தகர வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் ஞாபகம் வந்தது.

ஊவா மாகாணத்தின் மழையை ஆராயக் கொழும்பிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். மழைமானி ஆபீசுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி, முருங்கை மரத்தடியில் நின்றது. அட்டை கடிக்குமென்று பயந்து, வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்த அவர் வராந்தாவை விட்டு இறங்கவேயில்லை. தேத்தண்ணீர் குடித்தபடி கிளாக்கர் மழையளவு எழுதிவைத்த புத்தகத்தைப் பார்த்து எழுதினார்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து, ஆபீஸ் கூட்டும் அப்பாவோடு வந்து நின்ற எனக்கு எட்டு வயது. “சார், மழ விட்ட பெறகும் மரத்துத் தண்ணி அதுக்குள்ள சொட்டுதுங்க” என்றேன். அப்போதுதான் அப்படிக் கேட்டார். கிளாக்கர் சிரித்தார்.

“வாய மூடு புள்ள” என்று அப்பா என் தோளை அழுத்தினார்.

அந்த எண்களால் அறிக்கை எழுதி, அறிக்கையால் இலாகாத் தலைவரானார் அந்த மேதை. நாற்பது அடி நடக்காத பௌதிகம்! என் மாணவிகளின் பாடப்புத்தக மழைக்கணக்கில் இன்று பெய்வதும் அந்த முருங்கை மரம்தான்.

போன வாரமே பள்ளிக்கூட மழைமானியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வெட்டவெளியில் நட்டேன். “இப்ப என்னாத்துக்கும்மா இது?” என்றார் அப்பா. ஆனாலும் மண்வெட்டி எடுத்து வந்தார்.

அடுத்த மழையில் மரத்தடிப் பழைய மானியும் நான் நட்டதும் காட்டிய அளவுகளை எழுதி, இன்று காலை அந்த இலாகாத் தலைவரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நேரில் பார்க்க வருவதானால், அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசச் சவர்க்காரம் தருவதாகவும் எழுதியிருக்கிறேன்.