'சீரியஸ்' என்று வந்த தந்தி

தந்தித் தாளில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டைகளின் பசை இன்னும் காயவில்லை; தொட்ட விரலில் அந்தப் புளித்த வாசனை சாயங்காலம்வரை போகவில்லை. "அப்பா சீரியஸ், உடனே வரவும்" என்று முசிறியிலிருந்து மாமா இங்கிலீஷில் அடித்திருந்தார். எழுபதுகளின் கடைசியில், உறையூர் வீட்டு வாசலில் அதை வாங்கிப் படித்தவள், எட்டாம் வகுப்பில் இருந்த நான்தான்.

அந்த வாரம்தான் எங்கள் டீச்சர் அதே சொல்லுக்குக் கரும்பலகை நிறைய அர்த்தம் எழுதிப் போட்டிருந்தார். முக்கியமான, சிரிக்காத, விளையாட்டில்லாத, ஆபத்தான என்று நீண்ட அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தேன். இறந்துபோன என்று அதில் எங்கும் இல்லை. எங்கள் ஜனங்களுக்கோ அந்த ஓர் அர்த்தம்தான் தெரியும். வெளியூரில் இருப்பவர்கள் இடிந்துபோகாமல் பத்திரமாக வந்து சேரட்டும் என்று, இறந்தவர்களையும் தந்தியில் "சீரியஸ்" ஆக்கி அனுப்புவது அப்போது வழக்கம்.

அம்மா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"தாத்தா உயிரோடதான்பா இருக்காரு, டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.

"தந்தியில அப்படித்தாம்மா போடுவாங்க, நீ சும்மா இரு" என்றார் அப்பா. நானும் சும்மா இருந்துவிட்டேன்.

கைலாசபுரத்திலிருந்து பெரியப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து, சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அம்மாவைத் தவிர எல்லோரும் சாப்பிட்டு, பெரிய ரோஜா மாலையாக ஒன்று வாங்கிக்கொண்டு முசிறியில் போய் இறங்கியபோது மணி நாலு. தெருமுனையிலேயே அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வாசலில் பந்தல் இல்லை என்பதைக் கவனிக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

உள்ளே தாத்தா கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். மகளின் அவிழ்ந்த தலைமுடியைப் பார்த்தார். அப்பாவின் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. மாலை வாடிடும், தண்ணி தெளிச்சு வைங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் உயிர் போகும்வரை அவர் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. அவள் புகட்டிய பால் கடைவாயில் வழிந்தது. அதன்பின் அம்மா ரோஜாப்பூவைத் தொட்டதில்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அந்த வேதனை இன்றும் என்னை விடவில்லை.

இப்போது தந்தியே இல்லை. போன ஆடியில் அம்மா ஸ்ரீரங்கத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் அதே சொல்லைச் சொன்னார். அதை வாயில் எடுக்காமல் சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"அம்மா உயிரோட இருக்காங்க, கெளம்பி வா."

"உண்மையச் சொல்லுக்கா, எப்பப் போனாங்க?" என்றான்.

எத்தனை முறை சொல்லியும் அவன் நம்பவில்லை. "சரி, வா. மாலை மட்டும் வாங்கிட்டு வந்துடாதே" என்றேன்.