மண் ஒட்டாத தேமல்

என் முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. வலி இல்லாததால் இரண்டு வருடமாக நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சித்தூர் பக்கம் எங்கள் காட்டில் நிலக்கடலை பறித்த அன்று, வேர்வையில் கையெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. உடன் பறித்த பொன்னம்மாக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஏம்புள்ள, இந்த எடத்துல மட்டும் மண்ணே ஒட்டல? வேர்க்கறதில்லியா? முடியுங் காணோம். நாளைக்கே டாக்டரப் பாத்துப்போடலாம், நானும் வாரேன்."

டாக்டர் அந்த இடத்தில் ஊசியால் குத்தினார். எனக்குத் தெரியவே இல்லை. தொழுநோயின் ஆரம்பம் என்றும், நரம்பு கெட்டதால்தான் அங்கே வேர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் அடங்கிப்போயின என்றும் சொன்னார். அழுதபடி வெளியே வந்தேன். விஷயத்தைக் கேட்ட பிறகும் அக்கா என் கையை விடவில்லை.

வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் குணமானேன். விரல்கள் பத்தும் நன்றாக இருக்கின்றன. இப்போதெல்லாம் குழந்தைகளின் உடம்பில் தேமல் தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் வருடி, "தெரியுதா கண்ணு?" என்று கேட்கிறேன்.