நல்ல தண்ணீர் என்று சொன்னான்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் மனைவியின் தம்பி வாட்டர் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். பிக்கப்பிலிருந்து டிரெய்லரை அவிழ்க்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். குளத்தில் ஓட்டிப் பார்த்தானாம், வளைக்கும்போது கவிழ்ந்துவிட்டதாம், உள்ளே கொஞ்சம் தண்ணீர் போயிருக்கலாமாம்.

"நல்ல தண்ணிதானுங்க மச்சா. ரெண்டு நாளா வெயில்ல காய வெச்சுட்டனுங்க. பேட்டரிதான் வீக்காயிருச்சாட்ட இருக்குது."

காபி குடிக்காமல் கிளம்பினான். அக்காள் வீட்டில் காபி குடிக்காமல் போகிறவன் அல்ல அவன். என் டைரியில் அன்றைய பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு. அதோடு பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கிறேன். மைத்துனனுக்குக் காந்தலூரில் சிறிய தங்கும் விடுதி. மலையில் ஓர் அணைக்கட்டில் வாட்டர் ஸ்கூட்டர் சவாரி நடத்த ஒருவருக்கு மட்டும் அனுமதி தருவதாக அறிவித்திருந்தார்கள். விண்ணப்பம் என் பெயரில், வண்டி என்னுடையது, மேலே ஆட்களைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு என்று எங்களுக்குள் பேச்சு. அடுத்த சனிக்கிழமை அதிகாரிகள் முன்னால் வண்டியைத் தண்ணீரில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாத வண்டிக்கு அனுமதி இல்லை. அதற்கு எட்டு நாள் இருந்தது. பழகிப் பார்க்கிறேன் என்று வாங்கிப்போனவன்தான் இப்படிக் கொண்டுவந்து விட்டான்.

இருக்கையைக் கழற்றினேன். போல்ட் தலைகளிலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் எங்கள் ஊரில் யார்மேலும் குற்றம் சொல்லிவிட முடியாது. போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, பாத்திரத்திலும் இதே வெள்ளைதான் படியும். ஆகவே கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மனைவி விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நம்ம போர்த்தண்ணிக் கரிப்பு இல்லீங்க இது. கடலு."

வாயைக் கொப்பளித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தபடியே, ரெண்டு நாள் வெயிலில் வைத்ததாகவா சொன்னான் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கிணற்று மோட்டார் தண்ணீரில் மூழ்கினால் எங்கள் பக்கம் எல்லோரும் கழற்றி வெயிலில்தான் வைப்போம். மலைக்கணவாய்க் காற்றுக்கும் இந்த வெயிலுக்கும் மூன்றாம் நாள் மோட்டார் ஓடும். நல்ல தண்ணீருக்கு அது சரி. கடல் தண்ணீர் புகுந்ததைக் காய வைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். காற்றுப் பட்ட நேரத்திலிருந்து துரு தன் வேலையைத் தொடங்கும். அதனால் கடலில் மூழ்கிய என்ஜினை, கழற்றக் கை ஒழியும்வரை நல்ல தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். 'கடல்' என்று போனில் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே அதைச் செய்திருப்பேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. பிஸ்டன் துருவில் இறுகிப் போயிருந்தது.

அதுவரையிலும் எனக்கு வருத்தம்தான். சனிக்கிழமை காலை அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து விண்ணப்பித்தவர்களின் பட்டியல் போனில் வந்தது. ஐந்து பெயர்கள். இரண்டாவது என்னுடையது. நான்காவது மைத்துனனுடையது, தனியாக.

பட்டியலை மூன்று முறை படித்தேன். பிறகு மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரே முறை படித்தாள்.

கோபம் வந்தால் நான் கத்துகிறவன் இல்லை. வேலையைத்தான் வரிசைப்படுத்துவேன். அடுத்த சனிக்கிழமை இந்த என்ஜின் ஓட வேண்டும், அவன் கண் முன்னால் ஓட வேண்டும், அதுவரை செத்துக் கிடக்கிறது என்றே அவன் நினைத்திருக்க வேண்டும். அன்றைய பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதி அடிக்கோடிட்டேன்.

தோப்புத் தொட்டியில் நல்லவேளையாக வாய்க்கால் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒயர், சென்சார், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக வைத்தேன். போர் மோட்டார் தூக்கும் முக்காலியைத் தொட்டி மேல் நிறுத்தி, செயின் பிளாக்கில் என்ஜினைக் கட்டி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோப்புக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நனஞ்ச மோட்டார யாராச்சு மறுக்காவும் தண்ணியில போடுவாங்களா?"

"உப்பு எறங்கோணுமுங்க."

"அட, கருவாடாட்ட ஊறப் போட்டுட்டீங்க. கொழம்பு எப்பன்னு சொல்லியுடுங்க, சட்டியோட வர்றேன்."

அவரிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் கோபம் முழுவதும் வேறோர் ஆளுக்கு என்று எடுத்துவைத்திருந்தேன்.

இரண்டு முறை தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் அக்காளுக்குப் போன் செய்து, மச்சான் வண்டி என்ன ஆச்சு என்று விசாரித்தான். தொட்டியில் ஊறிக்கொண்டு கிடக்கிறது என்று அவள் சொன்னாள். அதில் பொய் ஏதும் இல்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சிரிச்சானுங்க," என்றாள்.

அன்று மாலையே என்ஜினை வெளியே எடுத்துக் காற்றடித்து ஈரம் போக்கினேன். சிலிண்டர்கள் மூன்றிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினேன். திங்கள் முழுக்க நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். முரட்டுத்தனமாகத் திருகினால் ராடு வளையும். ஒவ்வொரு முறையும் கையில் ஒரே அளவு பலம்தான் கொடுத்தேன். என் பல்லை மட்டும் வேண்டிய அளவு கடித்துக்கொண்டேன். செவ்வாய் மாலை நான்கு பத்துக்குக் கால் அங்குலம் அசைந்தது. ஆறு மணிக்கு முழுச் சுற்று வந்தது.

புதன்கிழமை ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துத் துருவைச் சுரண்டினேன். பேட்டரி புதியது. பட்டனை அழுத்தினால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்டார்ட்டர் ரிலே மட்டும் கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை, பழையதையே சுத்தம் செய்து போட்டேன். வியாழக்கிழமை எல்லாவற்றையும் பூட்டி, குளிர்விக்கும் குழாயில் ஹோஸைச் செருகினேன். தரையில் ஓட்டும்போது முதலில் என்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். இந்த வரிசை மாறினால் தண்ணீர் சைலன்சர் வழியாகத் திரும்பவும் உள்ளே போகும். மூன்றாவது முறை பட்டனை அழுத்தியபோது என்ஜின் பிடித்தது. முதலில் வடித்த ஆயில், தண்ணீர் கலந்து, பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி வந்தது. பத்து நிமிடம் ஓட்டி வடிப்பதும் புதிதாக ஊற்றுவதுமாக நான்கு முறை. நான்காவது ஆயில் தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பி, உடுமலை வழியாக மறையூர் ஏறி, அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. மைத்துனன் வாடகைக்கு எடுத்த வண்டியோடு கரையில் நின்றிருந்தான். என் டிரெய்லரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லத் தூக்கிய கை பாதியில் நின்றது. பரிசோதனை எப்படி என்று அதிகாரி விளக்கினார். பின்னால் ஒருவரை உட்காரவைத்து மிதவைவரை போய்த் திரும்ப வேண்டும். உட்கார்ந்தவரிடம் வண்டியைப் பற்றிக் கேட்பார். உட்காருகிறவர் நம் ஆளாக இருக்கக்கூடாது, வேறு விண்ணப்பதாரராக இருந்தால் நல்லது என்றார்.

"மாப்ளே, நீங்களே வாங்க," என்றேன். கோபத்தில் எனக்கு மரியாதை கூடிவிடும். அத்தனை பேர் முன்னால் அவனால் மறுக்க முடியவில்லை.

மிதவையைச் சுற்றியதும் என் மணிக்கட்டில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றைப் பிடுங்கினேன். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்கான கயிறு அது. சட்டென்று சத்தம் அடங்கியது.

"என்னுங்க மச்சா, நின்னுருச்சா?" அவன் குரலில் ஆசை இருந்தது. அதைக் கேட்கத்தான் நிறுத்தினேன்.

"நாந்தானுங்க நிறுத்துனேன். கடலுன்னு ஏனுங்க சொல்லல?"

எந்தப் பக்கம் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று வண்டியின் பின்னாலேயே அம்புக்குறி போட்டிருந்ததைப் பார்க்கவில்லையாம். கூட்டாளிகள் மறுபக்கம் இழுத்ததில் கடல்தண்ணீர் என்ஜினுக்குள் போய்விட்டதாம். கவிழ்ந்தது, கொண்டுவந்து விட்டதற்கு முந்தைய புதன்கிழமை பதினோரு மணிக்காம். சொன்னால் அக்காள் பேசமாட்டாள் என்று பயமாம்.

"பேரு தனியாக் குடுத்ததும் அக்காளுக்குப் பயந்துதானுங்களா?"

அவன் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கயிற்றைத் திரும்ப மாட்டிப் பட்டனை அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பழைய ரிலே. இரண்டாம் முறையும் அதே டக். கரையில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைத் திணறவைக்க நினைத்து, எட்டு நாள் உழைப்பை நடுத்தண்ணீரில் நானே நிறுத்திவைத்திருந்தேன். இவ்வளவு பெரிய மடத்தனத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை. அப்போதும் எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. மூன்றாம் முறை என்ஜின் பிடித்தது.

கரையேறியதும் அதிகாரி மலையாளம் கலந்த தமிழில் அவனிடம் கேட்டார். "வண்டிக்கு ஏதாவது பிரஷ்னம் உண்டா?"

"இல்லீங்க சார். நல்லா ஓடுது." தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சாருக்குக் கேக்கலீங்க மாப்ளே, கொஞ்சம் சத்தமா."

எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அனுமதி எனக்குக் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னேன். ரிலே விஷயத்தைக்கூட மறைக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எத்தனை தடவை சொல்லவைத்தீர்கள் என்று.

"ரெண்டு தடவ."

"மூணாவது தடவையும் சொல்ல வெச்சிருக்கோணுமுங்க," என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.