வலையில் விட்ட இரண்டு விரல் இடைவெளி

அந்தச் சரக்கு விமானம் கடலில் விழுந்த இரண்டாம் நாள், புத்தூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க்கடையில் விபத்தின் காரணம் தெரியாதவர் எவருமில்லை. எஞ்சினுக்குள் பறவை புகுந்துவிட்டது என்றார் ஒருவர். விமானி தூங்கியிருப்பார் என்றார் இன்னொருவர்.

"அதெல்லாம் இல்லபா. உள்ள சரக்கு நவுந்துட்சி. டிவில சொல்லிக்கினே கீறான்," என்றார் ஒரு டிராக்டர்க்காரர்.

"நீ பேசாத பாவா. டிராக்டரையே வரப்புல கவுத்தவன், ஏரோப்ளேனுக்கு நாயம் சொல்ல வந்துட்டான்!" என்று மடக்கினார் அவருடைய மச்சான்.

கடையே சிரித்தது. என் அண்ணன் மட்டும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியேறினார். அவர் சென்னை விமான நிலையத்தில் சரக்குக் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளி; விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். விழுந்த விமானத்தில் அவர் கட்டிய மாம்பழப் பெட்டிகளும் இருந்தன.

நான் பின்னாலேயே போனேன். சந்தைச் சுவரோரம் நின்று அவர் சொன்னது இதுதான். எங்கள் பக்கத்தில் மாம்பழ லாரிக்குக் கயிறு கட்டுகிறவர்கள் முழுதாக இறுக்குவதில்லை. மேல்பழம் நசுங்காதிருக்க இரண்டு விரல் நுழையும் இடம் விடுவார்கள். விமான நிலைய வேலைக்கு முன் பல பருவங்கள் லாரி கட்டிய அண்ணனின் கை அப்படித்தான் பழகியிருந்தது. விமானத்திலோ சரக்கின் மேல் போடும் வலை அசையவே கூடாது. ஆயினும் மாம்பழம் என்றால் அவர் கை தானாகவே இடம் விட்டுவிடும். பிறகு நினைவு வந்து மறுபடி இறுக்குவார்.

"அன்னிக்கி மறுபடி இறுக்கனனா இல்லயான்னு ஞாபகமே வர்ல பாப்பா. விசாரிக்கிறவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

திருப்பதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தருவதே என் வேலை. அந்த மனுவை மட்டும் நான் எழுதவில்லை. காரணம் தெரியாத விபத்தில் தானாக முன்வரும் ஒப்பந்தக் கூலி என்ன ஆவான் என்பதை யோசித்தேன். வலையைச் சோதித்துக் கையெழுத்திட்ட மேற்பார்வையாளர் தப்பித்துக்கொள்வார். பழி முழுவதும் அண்ணன் தலையில் விழும். அவருடைய இரண்டு பெண்களும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். "அறிக்கை வரட்டும், அண்ணா. அவங்களே கண்டுபிடிப்பாங்க," என்றேன். அது நியாயமான யோசனை என்றே அன்று நம்பினேன்.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் ஒரே கேள்வி: "வந்துட்சா?"

நெடுநாள் கழித்து இறுதி அறிக்கை வந்தது. சித்தூரில் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய், ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சிதைவுகளில் பெரும்பகுதி மீட்கப்படவில்லை. விமானத்தின் பதிவுக்கருவியான கறுப்புப் பெட்டி கிடைக்கவில்லை. ஆவணங்களின்படி சரக்கு முறையாகக் கட்டப்பட்டிருந்தது. காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை.

"பேப்பர்ல சரியாத்தான் இருக்கும். வலய யாராச்சும் பாத்தாங்களா?"

"கடல்ல இருக்குதுண்ணா."

"என்னிய யாரும் கேக்கவே இல்லயே, பாப்பா."

இப்போதாவது எழுதித் தருகிறேன் என்றேன். விசாரணைக் குழு கலைந்துவிட்டது என்று சொல்லும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சற்றுமுன் நானே படித்துக் காட்டியிருந்தேன். அண்ணன் கோபப்படவில்லை.

"யாருக்கு எழுதுவ?" என்று மட்டும் கேட்டார்.