சால்வை பீரோ

நுஸைபாவுக்கு வேண்டியிருந்தது நாலடிக்கு மூன்றடி இடம். அதுவும் கூடத்து ஜன்னல் ஓரமாக, பகல் வெளிச்சம் நன்றாக விழுகிற இடம். பேகம்பூரில் சொந்த வீடும் மொட்டை மாடியும் உள்ள ஒரு பெண் ஐம்பத்தாறு வயதில் இதற்கு ஆசைப்பட்டால் அதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு இரும்பு பீரோ நின்றது. அது நிறைய அவள் கணவர் பக்ருதீன் வாங்கிய சால்வைகள்.

வாங்கியது என்றால் கடையில் அல்ல, மேடையில். பக்ருதீன் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண் பார்த்துக் குறித்தவர். ஊரில் அவரைத் தெரியாத வாசல் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு, விழாவுக்கு ஆள் குறைகிறது என்றால் அவரைக் கூப்பிடுவது ஊருக்கே வழக்கமாகிவிட்டது. வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. புரோட்டாக் கடைத் திறப்பு, ரத்ததான முகாம், வாலிபால் போட்டி என்று எல்லா மேடையிலும் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நிற்பார். கன்னிவாடியில் ஒரு போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு ஒன்று போர்த்தினார்கள். ஒருமுறை மண்டபம் மாறிப் போய், யாரென்றே தெரியாத ஒருவரின் பணி நிறைவு விழாவில் ஏறி உட்கார்ந்து, அங்கேயும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்களாம்.

ஆக மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. நுஸைபா இத்தனை நாள் பொறுத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. "முப்பத்திரண்டு வருசம் வாசல்ல நின்னு மீட்டர் மீட்டர்னு கத்துனேன். ஒருத்தனும் எம் பேரக் கேக்கல. இப்ப மைக்ல சொல்றாய்ங்க," என்று அவர் ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் ஒரு மனைவி என்ன பேச முடியும்?

அப்புறம்தான் ஆரி எம்பிராய்டரி வகுப்பு வந்தது. பக்கத்துத் தெருவில் ஜோஸ்பின் என்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து இறக்கி, கீழே பிடித்திருக்கும் நூலைக் கண்ணி கண்ணியாக மேலே எடுக்கிற வேலை. பொழுதுபோக்காகப் போன நுஸைபா இரண்டே மாதத்தில் அதில் விழுந்துவிட்டாள்.

"உங்க கை நல்லா ஓடுதுக்கா. ஆனா தினம் ரெண்டு மணி நேரம் வீட்ல உக்காரணும். இல்லைன்னா கை மறந்துரும்," என்றாள் ஜோஸ்பின். நுஸைபாவின் கையைப் பற்றி அதுவரை ஊரில் யாரும் பேசியது பிரியாணியில் உப்பு சரியாக இருக்கிற நாளில் மட்டும்தான்.

அன்றைக்கே ஒரு சட்டம் வாங்கினாள். வைக்க இடமில்லாமல் குளியலறைப் பக்கம் சாய்த்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் அதன் மேல் பக்ருதீனின் இரண்டு கைலிகளும் ஒரு பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. நுஸைபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பனியனை அவர் தலையிலேயே போட்டாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஃபாயிஸா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வருடமாகத் தொடாத பொருளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நுஸைபா சிரிக்காமல் வேலையைத் தொடங்கினாள். மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள், கைப்பிடி உடைந்த மிக்ஸி ஜார், நிக்காஹ் கேசட் எல்லாம் மூன்று நாளில் வெளியேறின. பீரோ மட்டும் மிச்சம்.

"அதுக்கென்ன, குடுத்துருவோம்," என்றார் பக்ருதீன். மனுஷன் இம்புட்டு லேசாக ஒப்புக்கொண்டதே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

முதலில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற சோலைமுத்துவைக் கூப்பிட்டாள். அவர் ஒரு சால்வையை விரித்து, முகர்ந்து, கசக்கிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"பாயம்மா, கிழிஞ்ச சேலை குடுங்க, தட்டுத் தாரேன். நைட்டி குடுங்க, கரண்டி தாரேன். இது ஆகாது."

"புதுத்துணிண்ணே. ஒருவாட்டி கூடத் தண்ணியில நனைக்கல."

"நனைச்சாலும் நனையாதும்மா. தண்ணி குடிக்காத துணி இது. வண்டி தொடைக்கக் கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அடுத்து பக்ருதீன் தானே கொடுத்துவிட்டு வருவதாக ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். இங்கேதான் விஷயம் கெட்டது. சால்வையைப் பையிலிருந்து எடுத்து ஒருவர் கையில் கொடுப்பது மரியாதையில்லை, போர்த்தத்தான் வேண்டும். பால்காரருக்குப் போர்த்தினார். இஸ்திரிக்காரருக்கும், பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் போர்த்தினார். பஞ்சர் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு மரியாதை செய்த பெரிய மனிதருக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க அவர்கள் என்ன மானங்கெட்டவர்களா? மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள், குடும்பத்தோடு, ஆளுக்கொரு புதுச் சால்வையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக. இஸ்திரிக்காரர் தன் மச்சானையும் சேர்த்துக்கொண்டு இரண்டாகப் போர்த்தினார். வாரக் கடைசியில் அறுபது வெளியே போய் எண்பத்து மூன்று உள்ளே வந்திருந்தது.

"குடுக்கக் குடுக்கப் பெருகுதுல்ல," என்றார் பக்ருதீன். அவர் முகத்தில் இருந்தது வருத்தமல்ல என்பது நுஸைபாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அறிஞ்ச ஊர்ல குடுத்தாத்தான திருப்பித் தருவாங்க. தெரியாத ஊருக்குக் கொண்டு போவோம்," என்று அவளே ஒரு மூட்டை கட்டினாள். இருவரும் குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறினார்கள். மூட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, பாதி வழியில் இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பினார்கள். அன்று இரவு நுஸைபா நிம்மதியாகத் தூங்கினாள்.

நான்காம் நாள் அழைப்பிதழ் வந்தது. மூட்டைக்குள் எங்கோ ஒரு சால்வையில் பக்ருதீன் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு குத்தியிருந்திருக்கிறது. தவறவிட்ட உடைமையை உரியவரிடம் சேர்த்த நடத்துநர் அய்யனாரின் நேர்மையைப் பாராட்டி விழா. தலைமை, உடைமையின் சொந்தக்காரர் பக்ருதீன். மூட்டையை மேடையில் வைத்து ஒப்படைத்தார்கள். அய்யனாருக்கு ஒரு சால்வை, பக்ருதீனுக்கு ஒன்று, மூட்டையை முதலில் பார்த்த பயணி கருப்பாயிக்கு ஒன்று. கருப்பாயி தன்னுடையதைக் கழற்றி, "எனக்கு எதுக்குத்தா இது," என்று கீழே உட்கார்ந்திருந்த நுஸைபாவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நுஸைபா நேராகத் தையல் மெஷினிடம் போனாள். அதன் உறையை எடுத்தாள். கத்திரிக்கோலை எடுத்தாள். பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை உருவினாள்.

"ஏய், அது ரத்ததான முகாம்ல போட்டது," என்று பதறினார் பக்ருதீன்.

"இப்பவும் உங்க மேலதான் இருக்கப் போவுது. கைய நீட்டுங்க, அளவு எடுக்கணும்."

இரண்டு சால்வைக்கு ஒரு சட்டை. வாடாமல்லி நிறம், இரண்டு கையிலும் சரிகைக் கரை, முதுகில் ஒரு பெரிய மாங்காய். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்த பக்ருதீனுக்கு, உண்மையைச் சொன்னால், பிடித்துப் போயிற்று. புதுச்சட்டை எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கூட ஓவியப் போட்டிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. சால்வையோடு பக்கத்தில் வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவருக்கு ஏற்கெனவே போர்த்தியாயிற்று என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டாராம்.

"கழுத்த நீட்டிக்கிட்டே நின்னேன் நுஸைபா. செத்த நேரம் அப்படியே நின்னேன்."

அவளுக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள். அவர் குடித்து முடித்ததும் எழுந்து அடுத்த சால்வையை வெட்டினாள்.

அடுத்தடுத்த மேடைக்கும் அவள் தைத்த சட்டைதான். வரத்து நின்றது. இனி இருப்பதைத் தீர்க்க வேண்டும். சட்டையாகிவிட்டால் அது சால்வை இல்லை. பையில் போட்டுக் கையில் கொடுக்கலாம், வாங்கியவன் போட்டுக்கொள்வான், வாழைப்பழத்தோடு திரும்பி வரமாட்டான். நுஸைபா மூன்று மாதம் மெஷினை விட்டு எழவில்லை. பிறகு மணிக்கூண்டுப் பக்கம் போனால், இஸ்திரிக்காரரும் பால்காரரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டு திரிந்தார்கள். சந்தோஷ்குமார் கேப்டனாக இருந்த வாலிபால் அணி சரிகை ஜெர்சியோடு களம் இறங்கியது. எதிரணிக்காரர்களுக்கு வெயிலில் கண் கூசி ஒரு ஆட்டம் நின்றே போனது.

பீரோ காலியானது. பழைய இரும்புக்காரர் வந்து அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போனார். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நுஸைபா ஜன்னலோரம் சட்டத்தைப் பூட்டி, துணியை இழுத்துக் கட்டி, உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் கை கொஞ்சம் மறந்துதான் இருந்தது. பத்துக் கண்ணிக்குப் பிறகு ஓட ஆரம்பித்தது.

அப்போது வாசலில் ஆள் சத்தம். பக்ருதீன் எழுந்து போனார். சந்தோஷ்குமாரும் அணிக்காரர்களும் ஒரு போட்டோக்காரரோடு நின்றார்கள். கையில் கேடயம், சால்வை.

"பாயம்மாவக் கௌரவிக்க வந்துருக்கோம் பாய். சும்மா கெடந்ததுல இம்புட்டுச் சட்டை தச்சுக் குடுத்துருக்காங்கல்ல."

நுஸைபாவின் முழங்கால் தானாக மடங்கி எழப் போனது. முப்பத்தைந்து வருடமாக அந்த வாசலில் யார் கூப்பிட்டாலும் அது எழுந்து பழகியது. கீழே பிடித்திருக்கும் நூலை விட்டால் போட்ட வரிசை பிரிந்துவிடும். எப்படியும் பக்ருதீன் உள்ளே கூப்பிடத்தான் போகிறார் என்று நூலை விடப் போனாள்.

"அவங்க வேலையா இருக்காங்க தம்பி. இப்ப எந்திரிக்க முடியாது," என்றார் பக்ருதீன்.

"அஞ்சே நிமிசம் பாய், ஒரு போட்டோ."

"சாயங்காலம் ஆகும்."

அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது முறையில்லை என்று, அங்கேயே அவருக்குப் போர்த்திவிட்டுப் போனார்கள். அவர் உள்ளே வரவில்லை. ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு, சால்வையோடு உட்கார்ந்துகொண்டார்.

சிலிண்டர்காரர் வந்தார். எதிர்வீட்டுப் பெண் தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தாள். யாரோ சந்தாவுக்கு வந்தார்கள். எல்லோரிடமும் பக்ருதீன் அதே வார்த்தையைத்தான் சொன்னார், "வேலையா இருக்காங்க." கேட்டுப் பழகாத அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் நுஸைபாவின் காதில் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் ஊசி தப்பியது. அவள் பிரித்துவிட்டு மறுபடி போட்டாள்.