எலி கடித்த ழகரம்

எங்கள் மலையில் போர்டு எழுதுகிறவனுக்கு முதல் எதிரி பனிமூட்டம். தகரத்தில் எவ்வளவு அழுத்தி எழுதினாலும் பத்தடி தள்ளி நின்றால் எழுத்து காணாமல் போய்விடும். பலகையை விட்டு இரண்டு அங்குலம் புடைத்து நிற்கும் எழுத்துக்குப் பக்கவாட்டில் கறுப்படித்தால் கொஞ்சம் தப்பிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அந்தப் புடைப்பெழுத்துப் பைத்தியம் பிடித்தது. அப்போது நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். போர்டு வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ஏரிக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பெயரில் இரண்டு ழகரம். அந்தப் பெயர்ப்பலகை வேலை கிடைத்தால் எஸ்டேட்டை விட்டுவிட்டு டவுனில் சொந்தக் கடை போடுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். விடுதி முதலாளியை என் மச்சானுக்குத் தெரியும். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், சேலத்துக்கும் மலைக்கும் வேன் ஓட்டியவர். பேசி வாங்கித் தருவதாக அவரே சொன்னார். செதுக்கிப் பார்க்க அட்டைகளையும் அவரே கொண்டுவந்தார்.

மூன்று வகை. டிவிப் பெட்டிக்குள் வைத்து வரும் சாதாரண தெர்மாகோல், அதைவிட நெருக்கமான கெட்டி தெர்மாகோல், குளிர்பதன அறைச் சுவருக்குப் போடும் மஞ்சள் அட்டை. மூன்றிலும் ழ வெட்டினேன். ழ சரியாக வந்தால் மற்ற எழுத்தெல்லாம் தானாக வரும். சாதாரண தெர்மாகோல் உள்வளைவில் மணிமணியாக உதிர்ந்தது. கெட்டி தெர்மாகோல் சூட்டுக் கம்பிக்கு அழகாக வளைந்து கொடுத்தது, ஆனால் எனாமல் பெயின்ட் பட்டதும் சுருங்கிக் குழி விழுந்துவிட்டது. மஞ்சள் அட்டை மட்டும் குளியல் சோப்பு மாதிரி கத்திக்கு அடங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வழவழவென்று ஆனது, பெயின்ட்டையும் தாங்கியது.

மழையையும் தாங்குமா என்று பார்க்க மூன்று எழுத்தையும் ஆடி மாதம் பின்சுவரில் தொங்கவிட்டேன். ஐப்பசி வரை மஞ்சள் ழ அப்படியே இருந்தது. ஒரு குறைதான். அடிச்சுழியில் எலி கடித்து ஒரு பல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"எலி கடிச்சுப்போட்டுது மச்சான், பாருங்க" என்று காட்டினேன்.

"ஆமாங்க மாப்ள" என்றார். பார்வை எங்கேயோ இருந்தது. "இந்த ஒண்ண மட்டும் குடுங்க. மொதலாளிகிட்ட காட்டிப்போட்டு வாரேன்."

கொடுத்தேன். பத்து நாள் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "அவிங்க தகர போர்டே போதும்னுட்டாங்க மாப்ள. எனக்கே நொம்ப கஷ்டமாப் போச்சுங்க" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. பட்டணத்து விடுதிக்காரர்களுக்கு ரசனை இல்லை என்று வேறு திட்டினேன். மாதிரியைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. எஸ்டேட்டில் ஆள் எண்ணும் வேலை தொடர்ந்தது.

தை மாதம் ஒருநாள் பஸ்ஸில் ஏரிப் பக்கம் போனேன். நல்ல பனிமூட்டம். ஜன்னல் வழியாக அந்த விடுதிப் பெயரை எட்டத்திலிருந்தே படிக்க முடிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். மஞ்சள் அட்டை, புடைத்த எழுத்து, பக்கவாட்டில் கறுப்பு. இரண்டு ழகரத்துக்கும் அடிச்சுழியில் ஒரே இடத்தில் பல் அளவுக்குப் பள்ளம். போர்டின் மூலையில் சின்ன எழுத்தில் மச்சானின் பெயர். என் ழகரத்தைச் சேலத்தில் யாரிடமோ கொடுத்திருக்கிறார். அந்த ஆள் எலி கடித்ததையும் சேர்த்து அச்சுப் பிசகாமல் வெட்டிக் கொடுத்திருக்கிறான்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த ழகரத்துல அடியில பள்ளம் எதுக்குங்க மச்சான்?"

"அது டிசைனுங்க மாப்ள" என்றார் உடனே. "மொதலாளிக்கே அதுதான் நொம்பப் புடிச்சுது."

"அது எலி கடிச்சதுங்க. ஐப்பசியில உங்ககிட்டத்தான் காட்டுனேன்."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். இரண்டடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அத மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க மாப்ள. இன்னும் ரெண்டு எடத்துல அதே மாதிரி வேணும்னு கேட்டிருக்காங்க."